மணலுக்குள் இரண்டு கண்கள்: வாசகர் கேள்விகள்

பாலைவனப் பாம்புகளைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை. பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

கேள்வி: தார் பாலைவனத்தில் மூன்று இரவுகள் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு பாம்புகூடக் கண்ணில் படவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது?

மூன்று இரவுதானே? என் முதல் பயணத்தில் ஆறு இரவு சும்மா போயிற்று. ஏழாவது நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே கூடாரத்தை விட்டு வெளியே வந்தேன். கழற்றிப் போட்டிருந்த செருப்புக்கு இரண்டடி தள்ளி ஒரு தடம். நான் ராத்திரி எங்கெங்கோ அலைந்துகொண்டிருந்த நேரத்தில் அது நிதானமாக என் கூடாரத்தை அரை வட்டம் சுற்றிவிட்டுப் போயிருக்கிறது.

அதற்குப் பிறகு என் வேலை காலையில்தான் தொடங்குகிறது. சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரம் வெளிச்சம் சாய்ந்து விழும். ஒரு வண்டு நடந்துபோன கோடுகூட நிழல் கட்டித் தெரியும். சூரியனைப் பார்த்தபடி நடங்கள். முதுகில் வெயில் அடித்தால் தடம் கண்ணுக்குச் சிக்காது. பத்து மணிக்கு அதே இடத்துக்கு வந்தால் வெறும் மணல்தான் இருக்கும்.

வளைந்து வளைந்து ஒரே கோடாகப் போயிருந்தால் அது சாரை வகை போல நீளமாக, வேகமாக ஓடும் பாம்பு. நடுவில் வால் இழுபட்ட கோடும் இரு பக்கமும் குட்டிக் குட்டிப் பாதங்களும் இருந்தால் ஓணான், பல்லி இனம். மண்ணுளிப் பாம்பு போன இடம் கனமான எதையோ இழுத்துக்கொண்டு போனது போல அகலமாக இருக்கும். நடுவில் திடீரென்று நின்றுவிடும், ஏனென்றால் அது மண்ணுக்குள் இறங்கியிருக்கும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பக்கவாட்டில் நகரும் விரியன்களின் தடம். ஒன்றோடொன்று ஒட்டாமல், சாய்வாக, வரிசையாகக் கீறல்கள். ஒவ்வொன்றின் முனையிலும் தூண்டில் முள் போல ஒரு கொக்கி இருக்கும். அமெரிக்கப் பாலைவனங்களின் சைடுவைண்டர் தடத்தில் அந்தக் கொக்கி பாம்பு போன திசையைக் காட்டும். நன்றாகப் பதிந்திருந்தால் வயிற்றுச் செதில்களை எண்ணலாம்.

அடுத்த கேள்வி, தடம் எப்போது விழுந்தது? முந்தின நாள் மாலை உங்கள் வண்டி போன டயர் தடத்தின் மேல் பாம்புத் தடம் ஏறியிருந்தால் அது நேற்று ராத்திரியுடையது. பாம்புத் தடத்தின் மேல் வண்டுகள் நடந்திருந்தால், வண்டுகள் கிளம்புவதற்கு முன்பே பாம்பு போய்விட்டது. விளிம்பு மழுங்கியிருந்தால் காற்றுக்கு முந்தியது, விட்டுவிடுங்கள். புதிய தடம் ஒரு புதரின் அடியிலோ எலி வளையின் வாயிலோ போய் முடிந்தால், அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வந்துவிடுவேன். வளைக்குள் குச்சி விட்டுக் குடைய மாட்டேன். மாலை பொழுது சாய்ந்ததும் அந்தப் புதருக்கு எதிரே, பத்தடி தள்ளி உட்கார்ந்துகொள்வேன். பாதி நாட்கள் வரும். பாதி நாட்கள் கொசு மட்டும் வரும்.

ஏமாறவும் தயாராக இருங்கள். காய்ந்த புல்லின் நுனி காற்றில் சுழன்று மணலில் கீறும் அழகான வளைவுகளைப் பாம்புத் தடம் என்று நம்பி நாற்பது நிமிடம் பின்தொடர்ந்தவள் நான்.

கேள்வி: பௌர்ணமி இரவில் நன்றாகத் தெரியுமே, அப்போது போகலாமா?

உங்களுக்கு நன்றாகத் தெரியும். பாம்புக்கு இரையாகும் எலிக்கும் அதேபோல நன்றாகத் தெரியும், ஆந்தைக்கும் தெரியும். என் குறிப்பேட்டில் நிலவு இல்லாத இரவுகள்தான் நிறைந்திருக்கின்றன. பௌர்ணமிக்கு மணல்மேட்டைப் படம் எடுங்கள்.

கேள்வி: புற ஊதா டார்ச் வாங்கினால் பாம்பு ஒளிரும் என்றார் நண்பர். உண்மையா?

ஒளிர்வது தேள். பச்சை நீலமாக, கண்ணைப் பறிக்கும். உட்காரும் இடத்தைச் சோதிக்க அந்த டார்ச் உதவும், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். பாம்பைக் கண்டுபிடிக்க அது உதவாது. சாதாரண டார்ச்சில் பாம்பின் கண் மின்னும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. தரையில் பச்சைப் புள்ளிகளாக மின்னுவதெல்லாம் சிலந்தி. பாம்பின் கண்ணுக்குள் பூனைக்கு இருப்பது போல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் கிடையாது. ஆகவே உருவத்தைத்தான் தேட வேண்டும்: மணலில் பொருந்தாத ஒரு வளைவு, ஒரு நிழல், சரியான வட்டமாக ஒரு 'கல்'.

கேள்வி: நடக்காமல் காரிலேயே தேடலாம் என்கிறார்களே, அது எப்படி?

ஆமாம், எனக்கு முழங்கால் வலி வந்த பிறகு பெரும்பாலும் அப்படித்தான். பகலில் வெயில் குடித்த தார்ச்சாலை மணலை விட அதிக நேரம் சூடு வைத்திருக்கும். இருட்டிய பிறகு பாம்புகள் அதைக் கடக்கும். சில அப்படியே கிடக்கும். அமெரிக்காவின் சான் டியாகோவில் லாரன்ஸ் கிளாபர் என்று ஒரு மின் பொறியாளர் இருந்தார். பாம்பு அவருடைய பொழுதுபோக்கு. பிறகு கிலுகிலுப்பை விரியன்களைப் பற்றி உலகமே அவரிடம் கேட்கும் அளவுக்கு வளர்ந்தார். பாலைவனச் சாலைகளில் இரவில் கார் ஓட்டிப் பார்த்த பாம்புகளை எந்த நேரம், எத்தனை வெப்பம் என்று கணக்கு வைத்து 1939இல் அதையே ஓர் ஆய்வாக வெளியிட்டார். இன்று நாம் செய்வது அவர் செய்ததுதான்.

எங்கள் வீட்டில் ஓட்டுவது என் கணவர். பாம்பென்றால் அவருக்குக் குலை நடுக்கம். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மாட்டார், அது போதும். நான் சாலையின் ஓரக்கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். "கயிறு", "டயர்த் துண்டு", "கயிறு", "குச்சி" என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். அவர் பேச்சை நிறுத்தினால் பாம்பு என்று அர்த்தம்.

போக்குவரத்து உள்ள சாலையில் இதைச் செய்யாதீர்கள். வளைவில் நிறுத்தாதீர்கள். அப்புறம், பாதி நாட்கள் நீங்கள் பார்ப்பது நசுங்கிய பாம்பாகத்தான் இருக்கும். அதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள், அந்த இடத்தில் என்ன வாழ்கிறது என்பதற்கு அதுவும் சாட்சி. உயிரோடு சாலையில் கிடந்தால் முதல் வேலை படம் எடுப்பதல்ல. எச்சரிக்கை விளக்கைப் போட்டு, நீளமான கம்பால் அது போக நினைத்த பக்கமே தள்ளிவிடுங்கள். வந்த பக்கம் திருப்பிவிட்டால் மறுபடி சாலைக்குத்தான் வரும்.

கேள்வி: எந்த லென்ஸ் வாங்கலாம்?

பத்தில் நான்கு கடிதம் இதுதான். கையில் இருப்பதை வைத்து ஒரு வருடம் ஓட்டுங்கள், பிறகு பேசலாம்.

சரி, கோபிக்க வேண்டாம். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் பூச்சிக்கு அருமை. விரியனுக்கு அது உங்களைக் கடிபடும் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தவருக்குத் தூரம் மறந்துவிடும். நான் அதிகம் பயன்படுத்துவது ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் ஆகும் பழைய 300 மில்லிமீட்டர் லென்ஸ். பாம்பு மட்டும் இல்லாமல் அது வாழும் மண்ணும் தெரிய வேண்டும் என்றால் அகன்ற கோண லென்ஸ். அதை டிரைபாடில் மாட்டி, கேமராவை முன்கூட்டியே பாதையில் வைத்துவிட்டு, ரிமோட்டோடு நான் தள்ளிப் போய்விடுவேன்.

லென்ஸை விட முக்கியம் கேமராவின் உயரம். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பாம்பு கயிறு மாதிரிதான் விழும். அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும், கேமரா மட்டும். உங்கள் முகம் இறங்கக் கூடாது. துணிப்பையில் மணலை நிரப்பி அதன் மேல் கேமராவை வைத்து, திரையை மேலே மடக்கி, குந்தி உட்கார்ந்து பாருங்கள். குந்தி இருப்பவர் எழுந்து விலகலாம். குப்புறப் படுத்தவரால் முடியாது.

காற்றடிக்கும்போது லென்ஸ் மாற்றாதீர்கள். நான் மாற்றினேன். ஒரு மணல் துகள் சென்சாரில் உட்கார்ந்து, அந்தப் பயணத்தின் அத்தனை படங்களிலும் வானத்தில் ஒரு கரும்புள்ளி.

கேள்வி: விஷப் பாம்புக்கு எவ்வளவு அருகில் போகலாம்? உங்களுக்கு ஆபத்து ஏதும் நேர்ந்ததுண்டா?

பொதுவாக விரியன் தன் உடல் நீளத்தில் பாதி வரை எட்டிக் கொத்தும். என் கணக்கு அதன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு, குறைந்தது. அரை மீட்டர் பாம்புக்கு ஒரு மீட்டர். கண்ணால் அளந்ததில் தவறு இருக்கும், பாம்பும் நகரும், நாமும் தடுக்கி விழுவோம். எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இரண்டு மடங்கு.

நேர்ந்தது என் முட்டாள்தனத்தால்தான். சுருட்டை விரியன் ஒன்று, முக்கால் அடி இருக்கும், புதரடியில் அழகாகச் சுருண்டிருந்தது. இருபது நிமிடம் ஒழுங்காகப் படம் எடுத்தேன். முடித்துவிட்டு, தலைவிளக்கை அணைத்துவிட்டு, பேட்டரிப் பையை எடுக்கப் பக்கத்தில் கையை நீட்டினேன். அந்தச் சத்தம் கேட்டது. சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போல. கையை அப்படியே நிறுத்தி, மறு கையால் விளக்கைப் போட்டேன். என் விரலுக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு சுருட்டை. முதல் பாம்பு அதே இடத்தில்தான் இருந்தது. இருபது நிமிடமும் நான் இரண்டாவதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தச் சத்தம் வாயிலிருந்து வருவதல்ல. சுருட்டையின் பக்கச் செதில்களில் ரம்பப் பல் போன்ற வரம்பு உண்டு. உடலை மடித்து ஒன்றோடொன்று தேய்க்கும்போது வருவது அது. மூச்சை விட்டுச் சீறினால் உடலின் ஈரமும் வெளியே போகும், வறண்ட நிலத்துப் பாம்பு அதை மிச்சம் பிடிக்கிறது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு என்ன காரணமாக இருந்தாலும் சரி, அது கத்தியதற்கு நன்றி.

இப்போது உட்காருவதற்கு முன் என்னைச் சுற்றி ஒரு முழு வட்டம் டார்ச் அடிக்கிறேன். எழுவதற்கு முன்னும் அதே.

கேள்வி: சில படங்களில் பாம்பு சரியாகச் சுருண்டு, தலையைத் தூக்கி, பின்னால் அஸ்தமன வானத்தோடு இருக்கிறதே, அப்படி எடுப்பது எப்படி?

பெரும்பாலும் ஏமாற்றித்தான். பிடித்துப் பெட்டியில் போட்டு வைத்து, மாலையில் வசதியான மணல்மேட்டில் கொட்டி, தொப்பியால் மூடி, அடங்கியதும் தொப்பியை எடுத்தால் சுருண்டிருக்கும். குளிர்பெட்டியில் வைத்து மந்தமாக்கி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். தொப்பி வேலையை ஆரம்ப காலத்தில் நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன். அந்தப் படங்களில் ஒன்றைப் பல பேர் பாராட்டினார்கள். பிறகு உற்றுப் பார்த்தபோது பாம்பைச் சுற்றித் தடமே இல்லை. மணல் சுத்தமாக இருக்கிறது, நடுவில் பாம்பு. வானத்திலிருந்து விழுந்தது போல. தடம் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதை இப்போது எங்கும் கொடுப்பதில்லை.

இந்தியாவில் பாம்பை அனுமதியின்றிப் பிடிப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை. சட்டத்தை விடுங்கள், பாலைவனத்தில் சூடான மணலில் பாம்பைச் சில நிமிடங்கள் கட்டிப்போட்டாலே அது செத்துப்போகலாம். கோடை மதியத்தில் மணலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். பாம்புக்கு வியர்க்காது, நிழலுக்குப் போவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. நாம் அந்த வழியில் உட்கார்ந்துகொண்டிருப்போம்.

கல்லைப் புரட்டித் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. புரட்டிய கல்லை இருந்த பள்ளத்தில், இருந்த வாக்கிலேயே வையுங்கள். கல்லுக்கு அடியில் இருக்கும் அந்தக் கொஞ்சம் ஈரம் வருடக்கணக்கில் சேர்ந்தது.

கேள்வி: ஃபிளாஷ் அடித்தால் பாம்பின் கண் கெட்டுவிடுமா? அதற்குத்தான் இமையே இல்லையே?

இமை இல்லை, ஆனால் கண்ணின் மேல் கண்ணாடி போல ஒரு செதில் உண்டு. சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து உரியும். உரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு கண் பால் கலந்த நீலமாக இருக்கும். அந்த நிலையில் பாம்புக்குச் சரியாகத் தெரியாது, எரிச்சலாகவும் இருக்கும். அப்போது நான் ஃபிளாஷும் அடிப்பதில்லை, பக்கத்திலும் போவதில்லை. மற்ற நேரத்தில் மெல்லிய துணி கட்டிய ஃபிளாஷ், பக்கவாட்டிலிருந்து, ஐந்தாறு முறை. அதற்கு மேல் என்ன புதிதாகக் கிடைத்துவிடப் போகிறது?

கேள்வி: பக்கவாட்டில் நகர்வது எதற்காக? நேராகப் போனால் என்ன?

உதிரி மணலில் நேராகத் தள்ளினால் மணல்தான் பின்னால் போகும், பாம்பு அங்கேயே இருக்கும். பக்கவாட்டு நடையில் உடலின் சில பகுதிகள் மட்டும் மணலில் அழுந்தி நிற்க, மீதி தூக்கி அடுத்த இடத்துக்குப் போடப்படுகிறது. தேய்ப்பு இல்லை, அதனால் சறுக்கல் இல்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் உயிரியல் பூங்கா சைடுவைண்டர்களைச் சாய்வான மணலில் ஏறவிட்டுப் பார்த்தார்கள். சரிவு கூடக்கூட மணலைத் தொடும் உடல் நீளத்தைப் பாம்பு கூட்டிக்கொள்கிறது என்று தெரிந்தது. ஏற முடியாமல் தவித்த பாம்பு ரோபோவுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள், அதுவும் ஏறிவிட்டது. 2014இல் வந்த ஆய்வு இது. ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் இந்த விளக்கம் எல்லாம் மறந்துபோகும். தண்ணீர் மேட்டில் ஏறுவது போல இருக்கும்.

கேள்வி: கடித்துவிட்டால்?

இதற்கு மட்டும் வேடிக்கை கிடையாது. முதலில் பாம்பை விட்டு விலகுங்கள், அதே பாம்பு மறுபடி கடிக்கும். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. எலும்பு முறிந்தால் கட்டுவது போலக் கடிபட்ட கையையோ காலையோ கட்டை வைத்து அசையாமல் செய்யுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. ஏற்கனவே எடுத்த படம் இருந்தால் காட்டலாம்.

சுருட்டை கடித்தால் ரத்தம் உறையும் தன்மை கெடும். வலி குறைந்துவிட்டது, வீக்கம் பெரிதாக இல்லை என்று விடுதிக்குத் திரும்பிவிடாதீர்கள். கட்டுவிரியன் வகை இன்னும் மோசம், கடித்த இடத்தில் வலியே இல்லாமல் போகலாம். இமை தானாக மூடும்போதுதான் தெரியும். தார் பகுதியில் சிந்துக் கட்டுவிரியன் உண்டு. வெறுந்தரையில் படுக்காதீர்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான். இன்னொன்று, மேற்கு ராஜஸ்தான் சுருட்டையின் விஷத்துக்கு வழக்கமான மருந்து எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யாததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே இனம்தான், ஆனால் இடத்துக்கு இடம் விஷம் வேறு. ஆகவே மருந்து இருக்கிறதே என்ற தைரியத்தில் யாரும் கையை நீட்ட வேண்டாம்.

உலகில் ஆண்டுதோறும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலும் வயலில் வேலை செய்பவர்கள், தரையில் தூங்குபவர்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. பொழுதுபோக்குக்காகப் போகும் நமக்கு இருக்கிறது. புறப்படும் முன் பக்கத்து மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டு, மருந்து கையிருப்பு இருக்கிறதா, எத்தனை மணி நேரப் பயணம் என்று எழுதி வைப்பேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் என்றால் அங்கே முகாம் போடுவதில்லை.

கேள்வி: எந்த இடம் என்று ஏன் எழுத மறுக்கிறீர்கள்? நாங்களும் போய்ப் பார்க்க வேண்டாமா?

ஒரு முறை ஒரு மண்ணுளிப் பாம்பின் படத்தை இடத்தின் பெயரோடு போட்டேன். இரண்டு வாரத்தில் "என்ன எடை இருக்கும்?" என்று மூன்று பேர் கேட்டார்கள். எந்தப் புகைப்படக்காரர் எடை கேட்பார்? வால் தலை போலவே இருப்பதால் இருதலை மணியன் என்று சொல்லி, அதிர்ஷ்டம், புதையல் என்று கதை கட்டி அந்த அப்பாவிப் பாம்பைக் கடத்துகிறார்கள். படத்தை உடனே எடுத்துவிட்டேன்.

நீங்களும் கைபேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். பின்னணியில் தெரியும் மலை முகட்டை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு.

கேள்வி: இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?

என் அம்மா போன வாரம் கேட்ட கேள்வி. அவருக்கும் பதில் சொல்லவில்லை.

கேள்வி: நீங்கள் எடுத்ததிலேயே உங்களுக்குப் பிடித்த படம் எது?

ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் எடுத்தது. அங்கே பெரிங்கே விரியன் என்று ஒன்று இருக்கிறது. முழுசாக வளர்ந்தாலே ஒரு அடியைத் தாண்டுவது அரிது. பெரும்பாலான பாம்புகளுக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கும். இதற்குத் தலையின் உச்சியில். உடலை மணலுக்குள் புதைத்துவிட்டு, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, வால் நுனியைப் புழு போல ஆட்டிப் பல்லியை வரவழைக்கும். தண்ணீரென்று எதுவும் இல்லாத ஊரில் கடல் மூடுபனி அதன் உடம்பில் துளித்துளியாகப் படியும், அதை நக்கிக் குடிக்கும்.

வழிகாட்டி ஒரு மணல்மேட்டின் அடிவாரத்தில் நின்றார். "இங்கே" என்றார். நான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மண்டியிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு கறுப்புப் புழு நெளிந்தது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, மணல் நிறத்திலேயே இரண்டு குமிழ்கள், ஒவ்வொன்றிலும் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. கோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு படம் எடுத்தேன். பல்லி எதுவும் வரவில்லை, வெயில் ஏறியது, குமிழ்களும் உள்ளே போய்விட்டன.

அதைப் பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் வெறும் மணலை எதற்கு மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். என் கணவர்தான் எழுந்து போய்ப் பெருமையாக விரலை வைத்துக் காட்டுவார். நான்கு வருடமாக ஒரு கூழாங்கல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.